பயிற்சி போதவில்லை, மலை ஓட்டம் நெருங்குகிறது: ஓடலாமா, தூரத்தைக் குறைக்கலாமா, விட்டுவிடலாமா?

பெங்களூருவில் ஓடுகிறவர்கள் பலருக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரே கேள்வி வந்து நிற்கும். கோடையில் உற்சாகமாகப் பதிவு செய்த 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கும். நடுவில் மழை வந்திருக்கும், ஆபீஸில் ரிலீஸ் வந்திருக்கும், ஊரில் ஒரு கல்யாணம், வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியிருக்க வேண்டிய நீண்ட ஓட்டங்களில் பாதி நடந்திருக்காது.

அல்சூர் ஏரிப் பக்கம் விடியற்காலையில் ஓடும் எங்கள் குழுவில் தமிழர்கள் அதிகம். இந்தக் கேள்வியோடு அங்கே முதலில் வந்தவள் பெள்ளந்தூரில் ஐடி வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி. "அண்ணா, பணம் கட்டிட்டேன், ஹோம்ஸ்டேயும் புக் பண்ணிட்டேன். மெதுவா ஓடி முடிச்சிடலாம்ல?" என்றாள்.

"முடிக்கலாமான்னு அப்புறம் பாப்போம்மா. உனக்கு எந்தப் பயிற்சி விட்டுப்போச்சுன்னு முதல்ல சொல்லு" என்றேன்.

நான் சொல்ல வருவதும் இதுதான். 'பயிற்சி போதவில்லை' என்று எல்லாரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூச்சு பழகாமல் இருப்பது வேறு, தொடை பழகாமல் இருப்பது வேறு, உடம்பு இன்னும் நோயிலிருந்து மீளாமல் இருப்பது வேறு. எது குறைகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். முழுத் தூரம் ஓடுவது, அதே ஓட்டத்தில் குறைந்த தூரத்துக்கு மாறுவது, நிறுத்தும் இடத்தை முன்பே முடிவு செய்துவிட்டுக் கிளம்புவது, ஓடாமல் தொண்டராகப் போவது, மலையை விட்டுச் சமதளத்தில் வேறொன்றைத் தேடுவது என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குத் தூரத்தைக் குறைப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மலை என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுவது மல்நாடு அல்ட்ராவைப் பற்றி. சிக்கமகளூரு பக்கத்துக் காபித் தோட்டங்களின் வழியே போகும் ஓட்டம் அது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 245 கிலோமீட்டர். கர்நாடகத்தின் மிக உயரமான முள்ளய்யனகிரி இருப்பதும் அந்த மாவட்டத்தில்தான். தோட்டத்து ஜீப் பாதை, சேறு, வழுக்கும் பாறை, விடாத ஏற்ற இறக்கம், ஈரமாக இருந்தால் காலில் ஏறும் அட்டை. லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறவர் அங்கே கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் எடுப்பது சாதாரணம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் மொத்த ஏற்றம் 1,800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மலை ஓட்டக்காரர்கள் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் சமதளத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் அது 68 கிலோமீட்டர் உழைப்பு. இன்னொரு கணக்கு ஸ்காட்லாந்தின் மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. இன்றைய அளவில் அது மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். நம் ஓட்டத்துக்கு 10 மணி நேரமும் 3 மணி நேரமும் சேர்ந்து 13 மணி நேரம் வருகிறது. சாப்பிட நிற்பது, சாக்ஸ் மாற்றுவது, கழிப்பறை, வழி தவறுவது எதுவும் இதில் சேரவில்லை. அந்த வேகமான நடையைப் பதின்மூன்றாவது மணி நேரத்திலும் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு இது.

பதிவு செய்த ஓட்டத்தின் ஏற்றத்தையும் கட்-ஆஃப் நேரத்தையும் (அதற்குள் முடிக்க வேண்டிய கெடு) எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். நடை நேரம் கட்-ஆஃபுக்குள் தாராளமாக அடங்கினால் ஒரு நிலைமை. அதைத் தாண்டினால், 'மெதுவாக நடந்தே முடித்துவிடலாம்' என்ற ஆறுதல் பொய். நீங்கள் ஓடியாக வேண்டும், அதுவும் இறக்கங்களில் ஓடியாக வேண்டும். ஏற்றத்தில் யாரும் பெரிதாக நேரம் மிச்சம் பிடிப்பதில்லை.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாலையில் மட்டும் ஓடிப் பழகியவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. மூச்சு வாங்காததால் அது உடனே தெரிவதில்லை. முதல் 15 கிலோமீட்டர் ஜாலியாக இறங்கி ஓடுவோம். முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு இறக்கத்திலும் முட்டிக்கு மேலே கத்தி வைத்தது போல இருக்கும். கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவர்களை எல்லா மலை ஓட்டத்திலும் பார்க்கலாம். அவர்களுக்கு மூச்சு நன்றாகவே இருக்கும். மன உறுதி இருந்தாலும் சேதமான தசை அதைக் கேட்பதில்லை.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு இங்கிருந்து போய்வந்தவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். அது சாலை ஓட்டம்தான், ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து கடற்கரையில் இருக்கும் டர்பனுக்கு இறங்கி ஓடும் ஆண்டில்தான் கால்கள் அதிகம் அடிவாங்கும். இறக்கம் என்றால் சுலபம் என்ற எண்ணத்தை அந்த ஓட்டம் பலருக்கு மாற்றியிருக்கிறது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. ஒரே ஒரு முறை நன்றாக இறக்கத்தில் ஓடி, வலியெடுத்து, ஆறிவிட்டால், அடுத்த முறை அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. இந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். குறைந்த காலத்தில் உருப்படியாகக் கிடைக்கக்கூடிய பயிற்சி இது ஒன்றுதான். மூச்சுத்திறன் வளர வாரக்கணக்கில் ஆகும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும்.

இப்போது எங்கள் குழுவில் இருந்தவர்களையே எடுத்துக்கொள்கிறேன். பெள்ளந்தூர் தங்கை சாலையில் அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறவள். மலையில் ஓடியதே இல்லை. மூச்சுக்குக் குறையில்லை, இறக்கத்தில் மொத்தமும் குறை. இரண்டாமவர் மர்பி டவுனில் இருக்கும் ஐயா, பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேகமாக ஓட மாட்டார். ஆனால் வருஷா வருஷம் சபரிமலைக்கு எருமேலியிலிருந்து பெருவழிப் பாதையில் நடந்தே போகிறவர், அதற்கு முன்னால் மாதக்கணக்கில் படியேறி இறங்கித் தயாராகிறவர். மூன்றாமவர் என் வயது நண்பர். பல மலை ஓட்டங்களை முடித்திருக்கிறார், இந்த முறை ஜூலையில் டெங்கு வந்து படுத்துவிட்டார்.

அனுபவத்தை மட்டும் பார்த்தால் மூன்றாமவர்தான் பலசாலி. நான் யாருக்கு 'ஓடுங்கள்' என்று சொன்னேன் என்றால், மர்பி டவுன் ஐயாவுக்கு. அவர் கால்கள் பத்து மணி நேரம் மேடு பள்ளத்தில் நிற்கப் பழகியவை. தன் வேகம் என்ன என்று அவருக்குத் தெரியும். நடை நேரக் கணக்கு கட்-ஆஃபுக்குள் அடங்கினால் அவரைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. டெங்கு வந்தவருக்கு நான் சொன்னது, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஓட்டத்தைப் பற்றியே பேச வேண்டாம் என்பது. டெங்குவுக்குப் பிறகு அசதி பல வாரம் இழுக்கும். பிளேட்லெட் எண்ணிக்கை ஏறிவிட்டது என்பதால் உடம்பு பத்து மணி நேர உழைப்புக்குத் தயார் என்று ஆகிவிடாது.

திருவண்ணாமலை கிரிவலத்தைப் பயிற்சியாகச் சொல்கிறவர்கள் இங்கே நிறைய உண்டு. பௌர்ணமிக்குப் பேருந்து பிடித்துப் போய் 14 கிலோமீட்டரை வெறுங்காலில் சுற்றிவிட்டு வருகிறார்கள். இரவில் தூங்காமல் நடக்கப் பழகுவதற்கு அது நல்லது, பாதமும் உரமேறும். ஆனால் அது சமதளம். இறக்கத்துக்கு அது ஈடாகாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முழுத் தூரம் ஓடுவதை ஆதரித்து ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகத் தயாராகி, எல்லாம் கூடிவந்த பிறகுதான் ஓடுவேன் என்று காத்திருந்தால் சிலர் ஓடவே மாட்டார்கள். கால்கள் உறுதியாக இருந்து, நீண்ட நேரம் நடக்கும் பழக்கம் இருந்து, வேகம் மட்டுமே குறைகிறது என்றால் ஓடலாம். முதல் பாதியில் எல்லா ஏற்றத்தையும் நடந்தே ஏறி, இறக்கத்தில் சின்னச் சின்ன அடிகளாக வைத்து இறங்கினால் போதும். கடைசி ஆளாக வந்து சேர்ந்தாலும் அது முழு ஓட்டம்தான். ஆனால் கடந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது ஐந்து மணி நேரம் தொடர்ந்து நடந்தோ ஓடியோ இருந்திருக்க வேண்டும், ஒரு முறையாவது நீண்ட இறக்கத்தில் ஓடியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முழுத் தூரம் வேண்டாம் என்பேன். 'எப்படியோ முடித்துவிட்டேன்' என்று சொல்கிறவர்களின் கதைகள் நம் காதில் விழுகின்றன. அதே மாதிரிக் கிளம்பி முட்டி கெட்டு ஆறு மாதம் ஓடாமல் இருந்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

குறைந்த தூரத்துக்கு மாறுவதை ஏன் முதலில் வைக்கிறேன்? அதே மலை, அதே விடியல், அதே காபித் தோட்டம், அதே சேறு. குறைவது கடைசி 20 கிலோமீட்டர் மட்டும்தான். தொடை சேதமாகிய பிறகு இழுத்துக்கொண்டு நடக்கும் அந்தப் பகுதியில்தான் காயத்துக்கும் வழி தவறுவதற்கும் வாய்ப்பு அதிகம். 30 கிலோமீட்டர், 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் நெய்ஸ்மித் கணக்குப்படி ஏறக்குறைய 7 மணி 40 நிமிடம். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும், ஹெட்லாம்ப் தேவைப்படாது. இரண்டு வாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கலாம். பயிற்சி குறைந்தவருக்கு அது சுலபமான நாளாக இருக்கப்போவதுமில்லை, முழு உழைப்பையும் அது கேட்கும். தங்கைக்கு நான் சொன்ன வழி இதுதான். கெட்டிக்காரி, ஒரு நாள் முகம் வாடியிருந்தாள், அடுத்த நாள் மாற்றிவிட்டாள்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. தூரம் மாற்ற அமைப்பாளர்கள் ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள், சிலர் மாற்றவே விட மாட்டார்கள். பிப்பை (சட்டையில் குத்தும் எண் அட்டை) இன்னொருவருக்குக் கைமாற்றுவதற்கும் விதி இருக்கும். நண்பரின் பிப்பைப் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் இங்கே இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். காட்டில் விழுந்தால் அவர்களிடம் இருப்பது நண்பரின் ரத்த வகையும், நண்பர் வீட்டுத் தொலைபேசி எண்ணும்தான்.

நிறுத்தும் இடத்தை முடிவு செய்துவிட்டுக் கிளம்புவது கேட்க நன்றாக இருக்கும் வழி. 'முப்பதில் பார்ப்பேன், முடியவில்லையென்றால் நின்றுவிடுவேன்' என்பார்கள். மலையில் இது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. வழியில் தண்ணீரும் சாப்பாடும் தரும் எய்ட் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்து, உப்புப் போட்ட உருளைக்கிழங்கு இரண்டு வாயில் போட்டதும் உடம்பில் புதுத் தெம்பு வந்த மாதிரி இருக்கும். கூட இருப்பவர்கள் 'இன்னும் கொஞ்ச தூரம்தான், வாங்க' என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவு நம்பக்கூடியதல்ல. அதனால் இந்த வழியில் போகிறவர்கள் நிபந்தனையை வீட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மணிக்குள் வராவிட்டால், எந்த மாதிரி வலி இருந்தால் நிற்பது என்று எழுதி, கூட வருகிறவரிடமோ கணவன், மனைவியிடமோ கொடுத்துவிட வேண்டும். எந்த எய்ட் ஸ்டேஷனுக்கு வண்டி வரும் என்று முன்பே கேட்டுவைப்பதும் அவசியம். வண்டி வராத இடத்தில் நிற்க முடிவு செய்தால் அடுத்த இடம் வரை நடந்தே ஆக வேண்டும், அதுவும் நனைந்து, குளிர்ந்து, தொடை பிடித்த நிலையில்.

ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் ஓட்டமாக இருந்தால் இந்த வழிக்கு நான் முழு ஆதரவு. ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய இடத்துக்கே வருகிறது, நின்றால் வண்டி பக்கத்தில் நிற்கிறது.

ஓடாமல் இருப்பதை ஒரு தோல்வியாகச் சொல்லும் பேச்சு ஓட்டக் குழுக்களில் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய்ச்சல், ஆறாத காயம், இதயத்தில் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம், ஓட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கத் தூக்கமில்லாமை என்று இருந்தால் அது ஒன்றுதான் வழி. கட்டிய பணத்தை நினைத்துக் கிளம்புவதில் அர்த்தமில்லை, அது எல்லா வழியிலும் போன பணம்தான். அறை புக் செய்திருந்தால் தொண்டராகப் போங்கள். ஒரு எய்ட் ஸ்டேஷனில் எட்டு மணி நேரம் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால், யார் எந்த இடத்தில் தளர்கிறார்கள், முடிக்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி ஏறுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒவ்வொரு ஓட்டமும் தொண்டர்கள் கிடைக்காமல் தவிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மலையை விட்டுச் சமதளத்துக்கு வருவது சாலையில் பழகியவர்களுக்கு நல்ல மாற்று. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் கால்வாய் ஓரமாக நடக்கும் காவேரி டிரெயில் மாரத்தான் மண் பாதைதான், ஆனால் பெரும்பாலும் சமதளம். மண்ணில் ஓடப் பழக அது நல்ல இடம். நேரம் வைத்து ஸ்டேடியத்தில் சுற்றும் ஓட்டங்களும் இருக்கின்றன. 2022 ஜூலையில் ஆசிய ஓசியானியா 24 மணி நேர ஓட்டச் சாம்பியன்ஷிப் நம் கண்டீரவா ஸ்டேடியத்தில்தான் நடந்தது, இந்திய ஆண்கள் அணி தங்கம் வாங்கியது. அந்த வகை ஓட்டத்தில் யாரும் நம்மை வழியில் விட்டுவிட்டுப் போக முடியாது. எந்தச் சுற்றிலும் நிறுத்தலாம், ஓடிய தூரம் அப்படியே கணக்கில் நிற்கும். மலை தரும் அனுபவத்தை அது தராது, ஆனால் நீண்ட நேரம் காலில் நிற்பது என்றால் என்ன என்று பாதுகாப்பாகக் கற்றுத்தரும்.

ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி குறைந்தவர்களுக்கு அவை கூடுதல் நெருக்கமானவை.

முதலாவது வலி மாத்திரை. இறக்கத்தில் தொடை வலிக்கத் தொடங்கியதும் பையிலிருந்து ஐபுபுரூஃபன் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். சுமார் 80 கிலோமீட்டர் ஓடியவர்களை வைத்து அமெரிக்க மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அந்த மாத்திரையை எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. நீர் வற்றிய உடம்பில், சேதமான தசையிலிருந்து வரும் புரதத்தை வடிகட்டத் திணறும் சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை இன்னொரு சுமை. ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை வீங்கி அசைக்க முடியாமல் வலித்தால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது, தண்ணீரை அதிகமாகக் குடிப்பது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும்தான் அவர்களில் அதிகம். மெதுவாகப் போகிறவருக்குக் குடிக்க நேரம் அதிகம், வியர்வை குறைவு. தாகம் எடுக்கும்போது குடியுங்கள், அது போதும். விரல் வீங்கி மோதிரம் இறுகினால், தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால், மேலும் தண்ணீர் குடிக்காமல் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும்.

மூன்றாவது குளிர். நம் மலைகளில் யார் விறைத்துப் போகப்போகிறார்கள் என்று தோன்றும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள். திடீரென்று மழையும் ஆலங்கட்டியும் பலத்த காற்றும் வந்து 21 பேர் இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையும்தான் போட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு மல்நாட்டில் குளிராது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சூடு பிறப்பிக்கிறது. தொடை பிடித்து நடையும் தளர்ந்தபோது நனைந்த பனியனும் மலைக் காற்றும் சேர்ந்தால் நடுக்கம் பிடிக்கும். மெதுவாகப் போகப்போகிறவர் வேகமாகப் போகிறவரைவிட அதிகம் சுமக்க வேண்டும்: மழைக்கோட், உலர்ந்த ஒரு முழுக்கை பனியன், ஹெட்லாம்ப், விசில், சார்ஜ் உள்ள போன்.

காட்டில் ஒருவர் விழுந்தால் தூக்கி வருகிறவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தொண்டர்கள், தோட்டத் தொழிலாளர்கள், ஜீப் ஓட்டுநர். சேற்றிலும் இருட்டிலும் அவர்கள் உயிரையும் பணயம் வைத்துத்தான் வருகிறார்கள். முழுத் தூரம் போகலாம் என்று முடிவெடுக்கும்போது அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நம் கடமை.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்றால் முதல் நான்கு வாரம்தான் பயிற்சிக்கு. கடைசி இரண்டு வாரம் உடம்பை ஆறவிட வேண்டும். விட்டுப்போன மூன்று மாதத்தையும் அந்த நான்கு வாரத்தில் அடைக்கப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. வாரத்துக்கு ஒரு நாள் நந்தி மலைக்குப் போங்கள். உச்சி 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் ஏற வேண்டும். நடந்தே ஏறி, நிதானமாக ஓடி இறங்குங்கள். வார இறுதியில் சாலையில் பைக்கும் காரும் நெருக்கும், அதனால் விடியலிலேயே முடித்துவிடுவது நல்லது. முதல் முறை இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கக் கஷ்டமாக இருக்கும். வலி முழுவதும் ஆறிய பிறகுதான் அடுத்த முறை. கடைசிப் பெரிய இறக்கம் ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இருக்கட்டும்.

நந்திக்குப் போக முடியாத வாரத்தில் அடுக்குமாடிப் படிகள் போதும். ஒரு மாடி சுமார் 3 மீட்டர் என்றால், பதினைந்து மாடிக் கட்டடத்தில் பத்து முறை ஏறி இறங்கினால் 450 மீட்டர். ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட் என்று செய்கிறவர்கள் உண்டு. நமக்குத் தேவையானதை லிஃப்ட் எடுத்துக்கொண்டு போய்விடும்.

சாப்பாட்டையும் அந்த நான்கு வாரத்திலேயே பழக்க வேண்டும். உடம்பில் சேமித்த மாவுச்சத்து சுமார் 2,000 கலோரி அளவுதான். மலையில் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட உருளைக்கிழங்கு எல்லாம் நம் வயிற்றுக்குப் பழகியவை. மர்பி டவுன் ஐயா புளிசாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வாழையிலையில் கட்டிக்கொண்டு வருவார், செங்குத்தான ஏற்றத்தில் ஒன்று, முடிந்ததும் ஒன்று. ஓட்டத்தன்று முதல் முறையாக ஒரு ஜெல்லை (ஓட்டக்காரர்களுக்கான மாவுச்சத்துக் கூழ்) பிரித்து வாயில் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அட்டைக்கு, முழங்கால் வரை இழுத்துவிட்ட நீளமான சாக்ஸும் கையில் ஒரு பொட்டலம் உப்பும் போதும். அட்டை கடித்ததால் யாரும் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. காலணிதான் முக்கியம். சாலை ஷூ ஈரமான பாறையில் பிடிக்காது. மண் பாதைக்கும் பாறைக்கும் ஏற்ற புது டிரெயில் ஷூ வாங்குவதானால் இந்த வாரமே வாங்கி, நந்தியில் போட்டுப் பழகிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது ஐந்து வழிக்கும் பொருந்தும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, நாள் முழுக்க ஓடியோ, எய்ட் ஸ்டேஷனில் நின்றோ முடித்துவிட்டு, அன்றிரவே சிக்கமகளூருவிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு பெங்களூரு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் என்பார்கள். ஹாசன் வழியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், கால் பிரேக்கை மிதிக்க மறுக்கும், கண் தானாக மூடும். திங்கள் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே தூங்குங்கள். முடியாதென்றால் ஓடாத ஒருவரை ஓட்டுநராக அழைத்துப் போங்கள், அல்லது பேருந்தில் வாருங்கள்.